ஏழு கிலோ குரங்கும் இரண்டு கிலோ கழிவும்

நாலந்தாவைத் தாண்டி மாத்தளைப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். கையில் ஒரு பை. பைக்குள் இரண்டு சாரம், ஒரு சேட், ஒரு சவர்க்காரப் பெட்டி. புறப்பட்டது என்னவோ பஸ்ஸில்தான். சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கி வரிசையில் விட்டார்கள். என் அடையாள அட்டையில் பெயர் சூசை, பிறந்த இடம் ஒரு தேயிலைத் தோட்டம், தொழில் என்ற இடத்தில் ஒரு கோடு. இந்த மூன்றையும் விளக்கி முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது. யுத்தம் முடிவதற்கு இரண்டு வருஷம் முந்திய காலம் அது. பஸ் போவதும் வழக்கம், நான் நடப்பதும் வழக்கம்.

கலேவெல மிருக வைத்தியர் ஒபிஸிலிருந்து யாரிடமும் சொல்லாமல் கிளம்பியிருந்தேன். நஸீரா டொக்டர் இரண்டு வருஷமாகப் படித்த படிப்பு அன்றைக்குப் பின்னேரத்தோடு முடிய வேண்டும். அது பாஸாக முடியாமல், என் வாயிலிருந்து வந்த ஒரு எண்ணால் பெயிலாக முடியப்போகிறது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. ஆள் இல்லாவிட்டால் பழியை அந்த ஆள் மேல் போடுவது சுலபம். அதனால் ஆள் இல்லாமல் போய்க்கொண்டிருந்தேன்.

இதை எழுதச் சொன்னவர் இப்போது அந்த ஒபிஸில் இருக்கும் இளம் டொக்டர். அவரும் மேல்படிப்புப் படிக்கிறார், கட்டிலில் சாய்ந்துகொண்டு, போனில். "நஸீரா டொக்டர் எப்படிங்க படிச்சாங்க?" என்று என்னிடம் கேட்டார். வாயால் சொன்னால் பாதியிலேயே சிரிக்கத் தொடங்கிவிடுகிறார். எழுதினால் முழுவதையும் வாசித்துவிட்டுச் சிரிக்கட்டும்.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் எட்டு வருஷம் சாக்குத் தூக்கி, எடையைக் கூவிச் சொன்னேன். நாங்கள் குடியிருந்த லயம் எரிந்த வருஷம் அங்கிருந்து இறங்கினேன். பிறகு தம்புள்ளையில் வெங்காயம் ஏற்றினேன், ஒரு பேக்கரியில் மா பிசைந்தேன், கிணறு வெட்டினேன், ஒரு லொறியில் தூங்கினேன். எந்த இடத்திலும் இரண்டு தீபாவளி பார்த்ததில்லை. நான் வேதக்காரன், தீபாவளி கொண்டாடுவதில்லை. ஆனால் போனஸ் அப்போதுதான் கொடுப்பார்கள் என்பதால் அந்தக் கணக்கு. கடைசியாகச் சீகிரியாவில் ஒரு ஹோட்டலில் குரங்கு விரட்டும் வேலை கிடைத்தது.

அது உண்மையான வேலை. வெள்ளைக்காரர்கள் காலைச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது மரத்திலிருந்து குரங்குகள் இறங்கிவந்து தட்டிலிருக்கும் பாண் ரொட்டியைத் தூக்கிக்கொண்டு போகும். கல் எறியக் கூடாது, விருந்தாளிகள் முகம் சுளிப்பார்கள். நான் கரண்ட் வயர் போடும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றை எடுத்து, அதற்குள் காய்ந்த கடலையைப் போட்டு ஊதினேன். கடலை குரங்கின் பின்பக்கத்தில் பட்டதும் அது திரும்பிப் பார்க்கும், கீழே விழுந்த கடலையை எடுத்துத் தின்னும், போய்விடும். இரு தரப்புக்கும் திருப்தி.

ஹோட்டல் முதலாளியின் நாய்க்கு ஊசி போட வந்த நஸீரா டொக்டர் இதைப் பார்த்துவிட்டு நாயை மறந்து நின்றார். மாத்தளை டவுனைச் சேர்ந்தவர். நாற்பது வயதிருக்கும். கண்ணாடி போட்டு, தலையில் முக்காட்டை இறுக்கிக் குத்தியிருப்பார்.

"எவ்வளவு தூரம் போகும்?" என்று கேட்டார்.

"இருபது அடிங்க. நல்லா சாப்பிட்டிருந்தா முப்பது."

"நாளைக்குக் கலேவெலைக்கு வாங்க. சாப்பாடு என்ட பொறுப்பு."

அவர் வெளிநாட்டுக் கல்லூரி ஒன்றில் காட்டு மிருகங்களுக்கு வைத்தியம் பார்க்கும் படிப்பைக் கொம்பியூட்டர் வழியாகப் படித்துக்கொண்டிருந்தார். காட்டு மிருகத்துக்குத் தூரத்தில் நின்று குழாயால் ஊதித்தான் மயக்க ஊசி போட வேண்டும். டொக்டருக்கோ இழுப்பு நோய். "நான் ஊதினா ஊசி என்ட செருப்புலதான் விழும்" என்று சொன்னார். இப்படியாக நான் ஒரு டொக்டரின் நுரையீரலாக வேலைக்குச் சேர்ந்தேன்.

டொக்டரின் குணத்தைச் சொல்ல வேண்டும். எந்த மிருகத்துக்கும் ஊசி குத்துவதற்கு முன்னால், "மன்னிச்சுக்கோங்க, கொஞ்சம் நோகும்" என்பார். மாட்டுக்குச் சொல்வார், கோழிக்கும் சொல்வார். மனிதர்களிடம் அப்படி ஒரு வார்த்தை வராது. கோபம் வந்தால் மட்டும் மனிதர்களிடமும் மரியாதை கூடும். "தயவு செஞ்சு அந்த வாளியைக் கொண்டு வர முடியுமா?" என்று கேட்டால் ஓடிவிட வேண்டும். எதையும் மூன்று பிரதி எழுதுவார். மாடு சாணி போட்ட நேரம்கூட மூன்று இடத்தில் இருக்கும்.

வகுப்பு புதன்கிழமை பின்னேரம் நாலரைக்கு. ஒபிஸில் இன்டர்நெட் இல்லை. கலேவெல டவுனில் பாரூக் நானாவின் கொமினிகேசன் கடையில்தான் படிப்பு. போன் பேசுவதற்கு மூன்று பெட்டி, மூலையில் ஒரு கொம்பியூட்டர், அதன் மேல் ஒரு கெமரா. பிளக் லூஸ். கையை எடுத்தால் கரண்ட் போய்விடும். ஆகையால் ஒரு மணித்தியாலமும் சுவரோடு குந்தி பிளக்கை அழுத்திப் பிடிப்பது என் வேலை. நான் படித்த ஒரே மேல்படிப்பு அதுதான், குந்திக்கொண்டு படித்தேன்.

பாடம் நடத்தியவர் தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர். லைன் மெதுவானது. அவர் வாயைத் திறக்கும் நேரம் பார்த்துப் படம் அப்படியே நின்றுவிடும். சத்தம் மட்டும் வந்துகொண்டிருக்கும், சில வேளை சத்தமும் வராது. இவர் நீர்யானையை மயக்குவது எப்படி என்று சொல்லிக்கொண்டிருக்க, பக்கத்துப் பெட்டியில் ஒரு அம்மா குவைத்தில் இருக்கும் மகளிடம் கத்திக்கொண்டிருப்பார்.

"நல்லா மூச்சு விடுதான்னு பாரு!"

பேராசிரியர் சந்தோஷப்பட்டார். நல்ல கேள்வி, கேட்டவர் யார் என்றார். அம்மாவின் கத்தலில் எதையோ கேள்வி என்று நினைத்துவிட்டார். டொக்டர் வெட்கத்தோடு, "அது அடுத்த பெட்டி, சேர்" என்று இங்கிலீசில் சொன்னார். பிறகு விசாரித்ததில், மகள் வேலை செய்யும் வீட்டுக் குழந்தைக்குச் சளியாம்.

வகுப்பு முடிந்து ஒபிஸ் பிக்கப்பில் திரும்பும்போது டொக்டர் படித்ததையெல்லாம் தமிழில் சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஓட்டுவார், மறக்காமல் இருக்க. முதலில் எடை. எடைக்கேற்ற மருந்து. ஊசி பட்ட நேரத்தைக் குறி. பத்து நிமிஷம் அசையாதே. பின்னாலிருந்து போ. கண்ணை மூடு. மூச்சை எண்ணு. எனக்கும் பாடமாகிவிட்டது.

அந்தக் குழாயைத் தூக்கிக்கொண்டு திரிந்ததுதான் கஷ்டம். ஐந்தடி நீளம், கூடவே சிவப்புக் கம்பளி நூல் வால் கட்டிய ஊசிகள். தம்புள்ளை ரோட்டில் ஒரு சாவடியில் பிடித்துக்கொண்டார்கள். இது என்ன என்று ஒரு சிப்பாய் சிங்களத்தில் கேட்டார். மிருகங்களைத் தூங்கவைக்கும் குழாய் என்று நானும் சிங்களத்தில் சொன்னேன். மூன்று மொழியில் இருந்த டொக்டரின் கடிதத்தைக் காட்டினேன். அவர் மூன்று மொழியிலும் சந்தேகப்பட்டார். நாலு மணித்தியாலம் வெயிலில் குந்தவைத்தார்கள். அந்தக் காலத்துக்கு அது குறைந்த நேரம். பிறகு பெரியவர் ஒருவர் வந்து, "ஊதிக் காட்டு பார்க்கலாம்" என்றார். வெறும் ஊசியைப் போட்டு ஊதினேன். எதிரே நின்ற பப்பாசி மரத்தில், அவர் விரல் நீட்டிய காயிலேயே போய்க் குத்தியது. அதன் பிறகு ஒவ்வொருவராக ஊதிப் பார்த்தார்கள். டொக்டர் என்னைத் தேடி வந்தபோது மரத்தில் பதினொரு ஊசி இருந்தது, வரிசையில் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். பெரியவர் டொக்டரிடம் தன் நாய்க்கு உண்ணி என்றார். டொக்டர் நாயிடம் மன்னிப்புக் கேட்டு ஊசி போட்டார்.

படிப்பை முடிக்கக் கடைசியாக ஒன்று வேண்டியிருந்தது. ஒரு காட்டு மிருகத்தைத் தன் பொறுப்பில் மயக்கி, வைத்தியம் பார்த்து, எழுப்பிவிட்டு, எல்லாவற்றையும் எழுதி, வீடியோவோடு அனுப்ப வேண்டும். தவணை அந்த மாதத்தோடு முடிகிறது. தவறினால் இரண்டு வருஷமும் வீண். டொக்டரின் உம்மா ஒபிஸுக்கே போன் எடுத்து, "கலியாண வீட்டுக்குப் போகச் சொன்னா கொம்பியூட்டருக்குப் போறா. பாஸாவது பண்ணுவாளா?" என்று என்னிடம் விசாரித்தார். பண்ணுவாங்க என்றேன். ஆனால் மிருகம் கிடைக்க வேண்டுமே! யானைக்கெல்லாம் பெரிய டொக்டர்மார் வருவார்கள். எங்களுக்கு மாடும் ஆடும்தான்.

மாத முடிவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் பழைய ஹோட்டலிலிருந்து போன் வந்தது. பெரிய ஆண் குரங்கு ஒன்று அச்சாறு போட்டுவைக்கும் பிளாஸ்டிக் போத்தலுக்குள் தலையை விட்டுக்கொண்டு மூன்று நாளாகத் திரிகிறதாம். தின்னவும் முடியவில்லை, குடிக்கவும் முடியவில்லை. வனவிலங்கு அதிகாரி அனுமதி கொடுத்து, தானும் வந்து நின்றார். வீடியோ எடுக்கப் பாரூக் நானா வந்தார். கலியாண வீடியோ எடுப்பது அவருடைய இரண்டாவது தொழில். முதலில் ஹோட்டல் வாசலை எடுத்தார், பிறகு பூச்சட்டிகளை எடுத்தார், பிறகு எங்களை வரிசையாக நடந்துவரச் சொன்னார்.

"நானா, குரங்கை எடுங்க" என்றார் டொக்டர்.

"அவசரப்படாதீங்க மகள். மாப்பிள்ளை எங்க போறார்?"

விடிய மழை பெய்திருந்தது. மரத்தின் தாழ்ந்த கிளையில் குரங்கு நனைந்துபோய், போத்தலுக்குள்ளிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. மூச்சு விடும்போதெல்லாம் போத்தலின் உள்ளே ஆவி படிந்தது. இன்னொரு நாள் தாங்காது என்று டொக்டர் மெதுவாகச் சொன்னார். மருந்தை ஊசியில் இழுக்கக் கையை நீட்டிக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"சூசை அண்ணே, எத்தனை கிலோ?"

இது எனக்குப் பெருமையான இடம். எட்டு வருஷம் சாக்குத் தூக்கியவன் கண்ணால் நிறுப்பான். ஆடு, நாய், கன்று எதைக் காட்டினாலும் சொல்வேன், அரைக் கிலோ பிசகாது. குரங்கைப் பார்த்தேன்.

"அஞ்சுங்க."

டொக்டர் ஐந்து கிலோவுக்கு மருந்து இழுத்தார். நான் ஊதினேன். தொடையில் பட்டது. டொக்டர் நேரத்தைக் குறித்தார். பத்து நிமிஷத்தில் குரங்கு தள்ளாடி, கிளையைக் கட்டிப்பிடித்து, நழுவி, தோட்டக்காரர்கள் விரித்துப் பிடித்த கட்டில் விரிப்பில் விழுந்தது. பாரூக் நானா அதை இரண்டு பக்கத்திலிருந்தும் எடுத்தார்.

டொக்டர் மண்டியிட்டார். "மன்னிச்சுக்கோங்க" என்றார். மூச்சை எண்ணினார், நான் எழுதினேன். கண்ணை மூடுவதற்காக ஹோட்டல் துவாய் ஒன்றைப் போத்தலின் மேல் சுற்றினார். கழுத்தைச் சுற்றித் தேங்காய் எண்ணெய் தடவினார். போத்தலை இழுக்கக் கூடாது, காது கிழியும். ஒரு நூல் அளவு இந்தப் பக்கம், ஒரு நூல் அளவு அந்தப் பக்கம் என்று திருகித் திருகி எடுக்க வேண்டும். நான் போத்தலைப் பிடித்துக்கொண்டேன், டொக்டர் விரலை உள்ளே விட்டு ஒரு காதை மடக்கி வெளியே எடுத்தார். அந்தக் காது எங்கள் கைக்கு வந்ததும் குரங்கு அதை ஆட்டியது.

"அண்ணே, இது காதை ஆட்டுது."

"காத்தா இருக்கும்ங்க."

குரங்கு எழுந்து உட்கார்ந்தது. முதலில் டொக்டரின் கன்னத்தில் ஒரு அறை வைத்தது. பிறகு வனவிலங்கு அதிகாரியின் தொப்பியைத் தட்டிவிட்டது. பாரூக் நானா, "இந்தப் பக்கம், இந்தப் பக்கம்" என்று அதைத் தன் பக்கம் பார்க்கச் சொன்னார். அது பார்த்தது, அவர் தோளில் ஏறியது. நான் போத்தலை விடவில்லை. குரங்கு இரண்டு காலையும் என் நெஞ்சில் ஊன்றிப் பின்பக்கமாக ஒரு இழுவை இழுத்தது. போத்தல் என் கையில், தலை அதன் கையில். போகிற போக்கில் என் பெருவிரலைக் கடித்துவிட்டு, துவாயையும் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்கு நேராக ஓடியது. நின்று நிதானமாகக் குடித்தது. பிறகுதான் மரம் ஏறியது.

ஹோட்டல் மெனேஜர் ஓடிவந்தார். "அது பன்னிரண்டாம் நம்பர் ரூம் துவாய்!"

நான் தம்புள்ளை ஆஸ்பத்திரிக்குப் போய் விரலுக்குக் கட்டுப் போட்டு, விசர் நாய்க்கடிக்குப் போடும் ஊசியும் போட்டுக்கொண்டேன். திரும்பி வந்ததும் டொக்டர் கதிரையைக் காட்டி உட்காரச் சொன்னார். கன்னத்தில் ஐந்து விரலும் சின்னதாகப் பதிந்திருந்தது.

"தயவு செஞ்சு ஒரு விஷயம் சொல்ல முடியுமா? எத்தனை கிலோன்னு சொன்னீங்க?"

"அஞ்சுங்க."

"கண்ணுக்கு எத்தனை தெரிஞ்சிச்சு?"

"ஏழுங்க."

"மிச்சம் ரெண்டு எங்க?"

"கழிவுங்க."

"என்ன கழிவு?"

"நனைஞ்சிருந்திச்சுங்களே. போத்தலும் இருந்திச்சு."

தோட்டத்தில் அதுதான் முறை. மழை நாளில் கொழுந்து நனைந்திருந்தால் தண்ணீருக்கு ஒரு கிலோ கழிக்க வேண்டும், சாக்குக்கு ஒரு கிலோ கழிக்க வேண்டும். தராசில் ஏழு என்று கண்டால் வாய் ஐந்து என்று சொல்லும். நியாயமா என்று கேட்காதீர்கள், சத்தமாகச் சொல்வது மட்டும்தான் என் வேலையாக இருந்தது. எட்டு வருஷம் சொன்ன வாய். நனைந்த ஒன்றை, ஒரு பாத்திரத்தோடு கண்டதும் தானாகவே கழித்துவிட்டது. டொக்டர் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

செவ்வாய்க்கிழமை பகல் முழுவதும் பாரூக் நானாவின் கடையிலிருந்து இரண்டு நிமிஷ வீடியோ போய்க்கொண்டே இருந்தது. டொக்டர் அறிக்கை எழுதினார். அதில் மருந்து குறைந்ததற்குக் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு, எடையை மதிப்பிட்டவர் பெயர் எழுத ஒரு கட்டம் உண்டு. புதன் காலையில் மேசையைத் துடைக்கும்போது பார்த்தேன், முதல் கட்டம் வெறுமையாக இருந்தது. இரண்டாவதில் என் பெயர். பையை எடுத்தேன்.

நாலந்தாவைத் தாண்டி எவ்வளவு தூரம் நடந்தேனோ, பின்னால் ஒபிஸ் பிக்கப்பின் ஹோர்ன் கேட்டது. டொக்டர் தலையை வெளியே நீட்டினார்.

"எங்க போறீங்க?"

"மாத்தளைக்குங்க."

"நடந்தா?"

"பஸ் போயிருச்சுங்க."

"ஏறுங்க. காரணக் கட்டம் வெறுமையாப் போனதால எடை சொன்ன ஆளோட நேர்ல பேசணுமாம். பேராசிரியர் காலையில எழுதியிருக்கார். நாலரைக்கு நீங்க இல்லாட்டி என்ட கேஸை எடுக்க மாட்டாங்க."

"நான் ஓடிட்டேன்னு சொல்லிருங்க டொக்டர். எல்லாம் என் பிழைன்னு எழுதுங்க."

"எழுதினா அது பொய்யில்லையா? உங்ககிட்ட கேட்டு மருந்து எடுத்தது நான். கையெழுத்து என்ட. ஏறப் போறீங்களா, இல்ல தயவு செஞ்சுன்னு சொல்லணுமா?"

ஏறினேன். கலேவெலைக்குத் திரும்ப நேரமில்லை. நாலந்தாச் சந்தியில் ஒரு கொமினிகேசனைக் கண்டுபிடித்தோம். அங்கே பிளக் இறுக்கமாக இருந்தது, அதனால் கையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. டொக்டர் கெமராவை என் பக்கம் திருப்பினார். பேராசிரியரின் தாடி தெரிந்தது. அவர் கேட்டார், டொக்டர் தமிழில் சொன்னார்: ஏழை ஏன் ஐந்து என்றீர்கள்?

நான் சொன்னேன். மழை, கொழுந்து, சாக்கு, தண்ணீர், தராசு, எட்டு வருஷம். டொக்டர் ஒரு சொல் விடாமல் இங்கிலீசில் சொன்னார். அவர் முடித்ததும் பேராசிரியர் வாயைத் திறந்தார். படம் அப்படியே நின்றது. சத்தமும் இல்லை.

கோபத்தில் திறந்த வாயா, சிரிப்பில் திறந்த வாயா, வெறும் லைன் கோளாறா? நாங்கள் இரண்டு பேரும் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். டொக்டருக்கு இழுப்புத் தொடங்கியது. மருந்தை வாயில் அடித்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல் இருந்தார். கடைக்காரர் தேத்தண்ணீர் கொண்டுவந்தார். வாய் மூடவில்லை. கடைசியில் படம் மறைந்து, அவர் தட்டி அனுப்பிய எழுத்து வந்தது. டொக்டர் மனசுக்குள் வாசித்தார். உதடு அசைவதை நிறுத்தினார். பிறகு எனக்கு வாசித்துக் காட்டினார்.

"கேஸ் ஏற்றுக்கொள்ளப்பட்டது. பிழை உள்ளபடி சொல்லப்பட்டிருக்கிறது, மிருகம் பிழைத்திருக்கிறது. நிறுக்கக்கூடிய எதையும் இனிமேல் கண்ணால் நிறுக்க வேண்டாம், ஒரு தராசு வாங்கவும். இன்னொன்று: வீடியோவில் குரங்கு விழும்போது அதன் மேல் ரோசாப்பூ மழை பெய்கிறதே, அது என்ன?"

கலியாண வீடியோவுக்குப் பூ போட்டுப் பழகிய பாரூக் நானாவுக்குக் கை சும்மா இருந்திருக்காது. டொக்டர் மேசையில் தலையை வைத்துக்கொண்டு குலுங்கினார். அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். சிரிப்புத்தான். உம்மாவுக்குப் போன் எடுத்துச் சொல்லும்போதுதான் அழுதார்.

பிக்கப்பில் ஏறியதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீங்க காலையில வேலையை விட்டுட்டீங்க, அண்ணே. கண்ணால நிறுக்கிற அந்த வேலை இனி இல்ல" என்றார்.

"ஆமாங்க."

"வேற வேலை ஒன்டு இருக்கு. நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு."

மறுநாள் ஏழு மணிக்குப் போனேன். கலேவெல மரக்கறிச் சந்தையில் யாரோ கைவிட்ட இரும்புத் தராசு ஒன்றை டொக்டர் வாங்கி வைத்திருந்தார். முதலில் வந்தது ஒரு கிடாய். தராசில் நிற்க மாட்டேன் என்று நாலு காலையும் நாலு பக்கம் பரப்பியது. டொக்டர் என்னைப் பார்த்தார். நான் கிடாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறினேன். முள் ஆடி நின்றது. அவர் என் எடையைக் கழித்து, மூன்று பிரதியில் எழுதினார். ஓய்வு பெறும் வரை அந்த வேலையில்தான் இருந்தேன்.